அந்த ஒரு இஞ்ச்

“சார், அந்த ஒரு இஞ்ச் விஷயத்தை இன்னைக்கும் சொல்லுங்க” என்று கோயில் வாசலில் வைத்துப் பொன்மணி கேட்டதுதான் கேட்டாள், அதற்கப்புறம் ஞானாதிக்கம் சாருக்கு ஆராதனையில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. பீடத்துக்கு இடது பக்கம், பிரசங்கம் பண்ண வருகிறவருக்கென்று போட்டிருந்த முதுகு உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சபை எழுந்தால் எழுந்தார், சபை முழங்காலிட்டால் முழங்காலிட்டார், பாவ அறிக்கைக்கு எல்லாரோடும் சேர்ந்து வாய் அசைந்தது. மனசு மட்டும் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. எட்டு மாசமாகக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவள். புருஷன் ஜெயசிங் மட்டும் வருவான், கடைசி பெஞ்சில் இருப்பான், ஆசீர்வாதம் முடியுமுன்னே எழுந்துபோய் அக்கா வீட்டில் சாப்பாட்டுக் கேரியரை வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதிப்பான். பொன்மணி அடுப்பு பற்றவைப்பதே இல்லை என்று கிருபைநகர் பூராவும் பேச்சு. அப்படிப்பட்டவள் இன்றைக்கு வெள்ளைப் புடவை கட்டி, தலையில் முக்காடு போட்டு, புருஷனுக்கு முன்னாலேயே படியேறி வந்து, வேறு ஒருத்தரையும் பார்க்காமல் இவரை மட்டும் பார்த்து, “நீங்கதான் இன்னைக்குப் பிரசங்கம்னு இவங்க சொன்னாங்க. அதுக்காகத்தான் சார் வந்தேன்” என்கிறாள். இவரும், “சொல்லுதேம்மா” என்று சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அதுவும் கோயில் வாசலில் வைத்து. நேற்று சாயங்காலம் அந்த நோட்டை மட்டும் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நிம்மதியாக வேதத்துச் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருக்கலாம்.

அந்த ஒரு இஞ்ச் அப்படியொன்றும் பரம ரகசியம் இல்லை. முப்பத்தொரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர் அவர். அதனால் போதகர் ஐயா ஊரில் இல்லாத ஞாயிறுகளில், அக்கம்பக்கத்துச் சபைகளின் பண்டிகைகளில், அவரைக் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக எங்கே பேசினாலும் ஒரு இடத்தில் நிறுத்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உயர்த்தி, நடுவில் ஒரு இஞ்ச் இடைவெளி காட்டுவார். “இந்தப் பூமி சூரியன் பக்கம் ஒரே ஒரு இஞ்ச் நகர்ந்தா, நாம எரிஞ்சு சாம்பல். அந்தப் பக்கம் ஒரு இஞ்ச் நகர்ந்தா, உறைஞ்சு கட்டி. இந்த இஞ்சை அளந்து வச்ச கை யாரு கை?” என்பார். சபை உச்சுக்கொட்டும். சும்மா சொல்லக்கூடாது, தூங்குகிறவர்கள்கூட அந்த இடத்தில் முழித்துக்கொள்வார்கள். அறிவியல் வாத்தியாரே சொல்லிவிட்டார் என்கிறபோது அதற்கு ஒரு முத்திரை விழுந்துவிடுகிறதல்லவா. போன அக்டோபரிலும் அதைத்தான் சொன்னார். பொன்மணியின் மகள் ஆட்லின், மூன்று வயது, சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம்மில் விழுந்து போய்விட்டாள். போதகர் ஐயா வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்ததால் அடக்கத்துக்கு இவர்தான் பேசினார். இரண்டரை முழப் பெட்டிக்கு முன்னால் நின்று என்னத்தைப் பேச? நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்ட நாக்குக்குப் பழகின பாதைதானே தெரியும். விரலைத் தூக்கினார். பூமிக்கு இஞ்ச் கணக்கில் அளந்தவர் இந்தப் பிள்ளையின் நாளை அளக்கத் தப்பியிருப்பாரா என்று கேட்டார். அதுவரை கதறிக்கொண்டிருந்த பொன்மணி சட்டென்று அழுகையை நிறுத்தி, நிமிர்ந்து, அவர் விரலையே பார்த்தாள். ஆறுதல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அன்றைக்கு ராத்திரி மனைவி எப்சிபாவிடம்கூடச் சொன்னார். அந்தப் பார்வைதான் இப்போது மூன்றாவது பெஞ்சில் இருந்து வருகிறது. அவள் மடியில் பாட்டுப் புத்தகம் திறக்காமல் கிடக்கிறது.

வேத பாடம் வாசிக்கிறார்கள். படைப்பின் ஆறு நாள் பாடம். சுற்றுச்சூழல் ஞாயிறு ஆனதால் பீடத்துப் படிகளில் வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் கறுப்புப் பைகளில் வரிசையாக இருக்கின்றன, ஒரு பையில் எறும்பு ஏறுகிறது. எறும்பைப் பார்த்துக்கொண்டே நினைப்பில் நேற்றைய நோட்டுக்குப் போய்விட்டார். சூரியனுக்கும் பூமிக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று சரியாகச் சொல்வோமே என்றுதான் பரணில் இருந்து ப்ளஸ் ஒன் பாடக்குறிப்பை எடுத்தார். அவர் கையெழுத்து, அவர் படம். சூரியனைச் சுற்றி ஒரு நீள்வட்டம், பென்சிலில். ஜனவரியில் கிட்டத்து தூரம் பதினாலு கோடியே எழுபது லட்சம். ஜூலையில் எட்டத்து தூரம் பதினஞ்சு கோடியே இருபது லட்சம். பக்கத்தில் சிவப்பு மையில், ‘பரீட்சையில் கட்டாயம் வரும்.’ அவருக்குக் கழிக்கத் தெரியும். ஐம்பது லட்சம் கிலோமீட்டர். வருஷா வருஷம் பூமி ஐம்பது லட்சம் கிலோமீட்டர் கிட்டப் போகிறது, எட்ட வருகிறது, ஒருத்தரும் சாம்பலாகவில்லை. இதை முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறார். எழுதாத பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை நீள்வட்டம் போட்ட அதே கை ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் காட்டியிருக்கிறது. இரண்டும் ஒரு நாளும் எதிரெதிரே சந்திக்கவில்லை. எப்படி? ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி, இத்தனை வருஷமாக ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்காமல் எப்படி இருந்தது? எப்சிபாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். “உங்க வாய்க்குள்ள ரெண்டு வாத்தியாரு இருக்காங்க போல. ஒருத்தருக்கு வாரநாள் வேலை, ஒருத்தருக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்” என்றாள். இவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்து, “ஏங்க, யாரு இப்ப அளந்து பாக்கப் போறா? கேக்கிறவங்களுக்கு ஆறுதலா இருக்கு. ஆறுதல்ல போய் கணக்கு பாக்காதீங்க” என்றாள்.

ஆனால் ஆச்சரியம் பொய் இல்லையே. அதை யாரிடம் போய்ச் சொல்ல? போன வாரம் விடிகாலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மொட்டைமாடியில் நின்றார், கிழக்கே வெள்ளி முளைத்திருந்தது. அளவில் பூமிக்குக் கூடப்பிறந்தது என்று சொல்லலாம், கிட்டத்தட்ட அதே பருமன், ஆனால் அங்கே ஈயத்தை வைத்தால் உருகி ஓடும். இந்தப் பக்கம் செவ்வாய், செத்த ஆற்றுத் தடங்களோடு காய்ந்து கிடக்கிறது. வேறு வேறு நட்சத்திரங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கிரகம் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று நாளில் ஒரு வருஷத்தைச் சுற்றி முடிக்கிற கிரகம் இருக்கிறது, இரும்பு மழையாகப் பெய்யக்கூடும் என்று சொல்கிற கிரகம் இருக்கிறது, தரையே இல்லாமல் வெறும் வாயுவாக உருண்டுகொண்டிருக்கிற கிரகம் இருக்கிறது. ஒன்றிலும் இதுவரை ஒரு பாசிகூட இல்லை. இருந்தாலும் இருக்கலாம், யார் கண்டது. ஆனால் தேடின வரைக்கும் ஒரு பாசி இல்லை. இவ்வளவு பெரிய பாழுக்கு நடுவில் கிருபைநகர் மூன்றாம் தெருவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் தொட்டி நிறைந்து தண்ணீர் வழிகிறது, காக்கா வந்து குடிக்கிறது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த இடத்தில் நின்று ஸ்தோத்திரம் சொன்னார், வாய்விட்டே சொன்னார். கீழேயிருந்து எப்சிபா, தண்ணி வழியுது, மோட்டாரை நிப்பாட்டுங்க என்று சத்தம் போட்டாள். தண்ணீர். பிரசங்கக் குறிப்பில் நாலாவது குறிப்பு அதுதான், உயிருக்கு ஏற்றபடி தண்ணீர் உறையாமலும் ஆவியாகிப் போகாமலும் இருக்கிற பூமி. எழுதி முடித்த பிறகுதான் டிரம் ஞாபகம் வந்தது. அதே தண்ணீர். எங்கும் கிடைக்காத தண்ணீர். கோடி கோடி மைலுக்கு ஒரு சொட்டு இல்லாத தண்ணீர், பொன்மணி வீட்டுப் பின்கட்டில் இடுப்பளவு நின்றது. நாலாவது குறிப்பை அடித்துவிட்டார். அடித்த இடம் காகிதத்தில் கறுப்பாகத் தெரிகிறது, மடித்து ஜிப்பாப் பைக்குள் வைத்த பிறகும் அவருக்குத் தெரிகிறது. இந்த உலகத்தை அதிசயம் என்று சொல்ல வாயைத் திறந்தாலே அது எங்கேயோ சுற்றி அந்த டிரம்மில் போய்த்தான் முட்டுகிறது. ஆண்டவரே, நான் உம்மைப் புகழ்ந்தால் அவளைக் குத்துகிறேன், அவளுக்கு ஆறுதல் சொன்னால் பொய் சொல்லுகிறேன்.

சபைச் செயலாளர் அறிவிப்புகளுக்கு எழுந்துவிட்டார், அதாவது இன்னும் பத்து நிமிஷம். கன்றுகளை ஒரு குடும்பத்துக்கு ஒன்று வீதம் எடுத்துப்போக வேண்டும், போன வருஷம் எடுத்துப்போன கன்றுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்று ஒரு இடி இடித்தார். பெண்கள் பக்கம் சிரிப்பு. மூன்று வழி இருக்கிறது என்று வாத்தியார் மூளை எண்ணத் தொடங்கியது. பேசாமல் இஞ்சைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அவள் அதற்காகத்தானே வந்திருக்கிறாள், எட்டு மாசம் கழித்து வாசல்படி மிதித்தவளை வெறுங்கையோடு அனுப்பினால் மறுபடி மிதிப்பாளா? இல்லையென்றால் இஞ்சைத் தொடாமல் மரம், மழை, பிளாஸ்டிக் பை என்று பேசித் தப்பிக்கலாம். அவள் காத்திருந்து காத்திருந்து ஏமாந்து போவாள், வாக்கு போய்விடும். மூன்றாவது வழியை அவர் எண்ணவில்லை, விரல் மடக்கவில்லை. இஞ்ச் தப்பு என்று உள்ளதைச் சொல்லிவிடுவது. எதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எட்டு மாசம் உயிரோடு இருந்தாளோ அதைக் கையில் இருந்து பிடுங்குவதா? அதுவும் இத்தனை பேருக்கு நடுவில் வைத்தா? அவளுக்காக மட்டும்தான் பயப்படுகிறாயா என்று உள்ளே இன்னொன்று கேட்டது. இருபத்திரண்டு வருஷம் உச்சுக்கொட்டின சபைக்கு முன்னால் மூஞ்சி போகுமே, அதற்குப் பயம் இல்லையா? இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது. பிரசங்கத்துக்கு முந்தின பாட்டு தொடங்கிவிட்டது, ஆர்மோனியம் ஒரு கட்டை கூடுதலாக எடுத்துவிட்டதால் ஆண்கள் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். பொன்மணி பாடவில்லை. அவள் வலது கை மடியில் புத்தகத்தின் மேல் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு இஞ்ச் விலகியிருந்தன. விலகின, சேர்ந்தன, மறுபடி அதே அளவுக்கு விலகின. பாட்டு முழுக்க அதையே செய்துகொண்டிருந்தாள், கண் விரலில் இருந்தது. சாந்தமாக இருக்கிறவள் கை அப்படி ஆடாது. இது ஆறுதல் பட்ட மனுஷியின் கை இல்லை என்று அவருக்கு அப்போதுதான் பட்டது. கடைசிச் சரணத்துக்கு அவர் எழுந்து பிரசங்க பீடத்தின் ஐந்து படியையும் ஏறினார்.

ஜெபித்தார். காகிதத்தை எடுத்து விரித்தார், அடித்த இடம் கறுப்பாகத் தெரிந்தது, திரும்ப மடித்துவிட்டார். “இந்த எடத்துல நின்னு நான் இருபத்திரண்டு வருஷமா ஒண்ணைத் தப்பாச் சொல்லிருக்கேன்” என்றார். மைக் கீச்சென்றது. முன் பெஞ்சில் அப்போதுதான் கண்ணை மூடியிருந்த இரண்டு பெரியவர்கள் திறந்தார்கள். “ஒரு இஞ்ச் நகர்ந்தா எரிஞ்சிருவோம்னு சொன்னேன். அது நெசம் இல்ல. பூமி சூரியனைச் சரி வட்டமாச் சுத்தலை. ஜனவரியில கிட்டப் போகுது, ஜூலையில எட்ட வருது. எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா அம்பது லட்சம் கிலோமீட்டர். ஒவ்வொரு வருஷமும். இந்த நிமிஷம்கூட நாம எட்டப் போய்க்கிட்டுதான் இருக்கோம், எட்டப் போயே இப்படி வேர்க்குது.” ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், சிரிக்கலாமா என்று பக்கத்தில் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். அவர் மூன்றாவது பெஞ்சைப் பார்க்கவில்லை, பார்த்தால் பேச்சு நின்றுவிடும். “பள்ளிக்கூடத்துல இதைத்தான் நடத்தினேன். தெரிஞ்சேதான் இங்க வேற மாதிரி சொன்னேன், கேக்க நல்லாருந்துச்சு. மத்தபடி தேடின எடத்துல எல்லாம் ஒரு பாசிகூட இல்ல, இங்க நாம இருக்கோம், அது நெசம். அதை நெனைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்கத்தான் செய்யுது. ஆனா ஆண்டவரு இஞ்ச் டேப்பை வச்சிக்கிட்டு நம்ம தலைக்கு மேல நிக்கலை. அம்பது லட்சம் கிலோமீட்டர் எடம் விட்டு வச்சிருக்காரு. அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுததுக்கு.” இந்த வாக்கியம் காகிதத்தில் இல்லை, எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. “ஒரு வீட்டுத் துக்கத்துல வச்சும் நான் அந்த இஞ்சைச் சொன்னேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கேன். சில பிள்ளைங்க ஏன் போயிருதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் மாதிரிப் பேசிட்டேன்.” அத்தோடு ஆமென் சொல்லிவிட்டார். இருபது நிமிஷப் பிரசங்கம் ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. காணிக்கைப் பைகள் எங்கேயோ இருந்தன, உபதேசியார் பதறிக்கொண்டு தேடினார், ஆர்மோனியக்காரர் பாட்டு நம்பரைப் புரட்டினார். சார் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். பொன்மணி குனிந்திருந்தாள், முக்காடு முகத்தை மறைத்திருந்தது. போச்சு, பிடுங்கிவிட்டேன் என்று நினைத்தார்.

ஆராதனை முடிந்து கன்று கொடுக்கிற இடத்தில் ஒரே நெரிசல். செயலாளர் வந்து, “சார், அந்த இஞ்ச் இருந்த இடத்துல இருந்துட்டுப் போயிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எப்சிபா ஒரு புங்கங்கன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பொன்மணி வந்தாள், பின்னால் ஜெயசிங். அவள் கண் சிவந்திருந்தது. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று சார் கையைக் கட்டிக்கொண்டார்.

“அம்பது லட்சமா சார்?” என்றாள்.

“ஆமாம்மா. அம்பது லட்சம் கிலோமீட்டர்.”

“அவ்வளவு தள்ளிப் போயும் ஒண்ணும் ஆகலையா?”

“ஆகலைம்மா.”

அவள் தணிந்த குரலில், வேறு யார் வீட்டு விஷயத்தையோ சொல்கிற மாதிரிச் சொன்னாள். “அன்னைக்குப் பருப்பு டப்பா எடுக்கதுக்கு ஸ்டூலைப் போட்டேன் சார். எடுத்துட்டு, டிரம்முக்குப் பக்கத்துல தள்ளிவிட்டுட்டேன். பாப்பா அதுல ஏறித்தான் எட்டிருக்கா. நீங்க இஞ்ச் இஞ்சா அளந்து வச்சிருக்காருன்னு சொன்னீங்களா, அன்னையிலேருந்து நானும் அளந்துக்கிட்டே இருக்கேன். ஸ்டூலை ஒரு இஞ்ச் தள்ளிப் போட்டிருந்தா அவளுக்கு எட்டிருக்காது. அவரு அளவு சரியாத்தான் இருந்துச்சு, நாந்தான் மாத்திட்டேன்னு. இன்னொரு தடவை உங்க வாயால கேட்டுட்டா முடிவாத் தெரிஞ்சிரும்னு வந்தேன்.” ஜெயசிங் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்று அவன் தோள் சொன்னது. சார் வாயைத் திறந்தார். ஒரு வசனம், ஒரு உதாரணம், ஏதாவது ஒன்று வரும் என்று பழகின நாக்கு காத்திருந்தது. நல்லவேளை, ஒன்றும் வரவில்லை. எப்சிபாதான் இடுப்பில் இருந்த கன்றைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து பொன்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒரு வேப்பங்கன்றை எடுத்துக்கொண்டாள். படி இறங்கியதும், அக்கா வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பப் போன ஜெயசிங்கை அவள் நிறுத்தி, “ஏங்க, வீட்டுக்குப் போய் பரண்ல இருந்து அந்த ஸ்டூலை எறக்கித் தாங்க. பருப்பு டப்பா எனக்கு எட்ட மாட்டேங்குது” என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடந்தான்.

இவர்களும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். மூன்றாம் தெரு திரும்பும்போது எப்சிபா, “இந்த அம்பது லட்சத்தை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா” என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். அவர் அக்டோபரில் இருந்து எண்ணிப் பார்த்தார். நவம்பர், டிசம்பர், ஜனவரி. அந்தப் பிள்ளை போன பிறகு பூமி சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு தடவை போய்விட்டு, திரும்ப இவ்வளவு தூரம் வந்துவிட்டது; அவ்வளவு நாளும் ஒருத்தி ஒரு சமையல்கட்டில் உட்கார்ந்து ஒரு இஞ்சை அளந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

“அன்னைக்கும் எனக்குத் தெரியும் எப்சிபா” என்றார்.